மரத்தில் வாள் படுவதற்கு முன்: பராமரிப்பாளரைத் தேர்வது எப்படி?

கூரையைப் பழுது பார்த்தவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். குழாய் மாற்றியவர் கோட்டை விட்டிருந்தால் அன்று மாலையே ஒழுகத் தொடங்கும். மரத்தின் கதை வேறு. தவறான இடத்தில் அறுக்கப்பட்ட ஒரு பெருங்கிளையின் விளைவு வெளியே தெரிய ஐந்தாண்டோ பத்தாண்டோ ஆகலாம். அதற்குள் அறுத்தவரின் தொலைபேசி எண்கூட நம்மிடம் இருக்காது. வேலை முடிந்த அன்று பார்த்தால், நல்ல கவாத்தும் (கிளை கழிப்பும்) மோசமான கவாத்தும் பழகாத கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சொல்லப்போனால், அடிமரத்தோடு ஒட்ட வழித்துவிட்ட மோசமான வெட்டுதான் சுத்தமாகச் செய்ததுபோலத் தோன்றும். ஆகவே, செய்து முடித்த வேலையைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கமான முறை இங்கே உதவாது. வாளை எடுப்பதற்கு முன் அவர் என்ன கேட்கிறார், எதைப் பார்க்கிறார், எதைச் செய்ய மறுக்கிறார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு, மரம் தன் காயத்தை எப்படிக் கையாள்கிறது என்பது மரத்தின் உரிமையாளருக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

நம் தோலில் வெட்டுக்காயம் பட்டால், சிதைந்த இடத்தில் புதிய திசு வளர்ந்து அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை சிதைந்த மரத்திசு சிதைந்ததுதான். அதைச் சுற்றி வேதிப்பொருள்களாலும் புதிய செல்களாலும் சுவர் எழுப்பி, அழுகல் அதற்கு அப்பால் போகாதபடி அடைத்துவிட்டு, வெளிப்புறத்தில் புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு போவதுதான் அதன் வழி. அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ (1930–2006), கையில் பிடித்து இயக்கும் விசைவாள்கள் (இயந்திர அறுப்பு வாள்கள்) புழக்கத்துக்கு வந்த காலத்தில், ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துத் திறந்து பார்த்து இதை விளக்கினார். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1977இல் வெளியிட்ட விளக்கம், மரம் எழுப்பும் நான்கு சுவர்களைப் பற்றிப் பேசுகிறது. முதல் மூன்றும் காயம்பட்ட நேரத்தில் ஏற்கெனவே இருந்த மரத்துக்குள் எழுபவை. அவற்றுள், மேலும் கீழுமாகப் பரவும் அழுகலைத் தடுக்கும் சுவரே மிகவும் பலவீனமானது. நான்காவது, காயத்துக்குப் பிறகு வளரும் மரத்துக்கும் பழைய மரத்துக்கும் இடையே எழுவது. அதுதான் மிக வலுவானது. ஒரு மரத்தின் உள்ளே சொத்தை நீண்ட குழாய்போல இறங்கியிருக்க, வெளிவளையங்கள் மட்டும் கெட்டியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் கிளையை அகற்றுவது எங்கே அறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். கவட்டையின் மேற்புறத்தில் பட்டை சுருங்கி, கரடுமுரடான ஒரு வரம்புபோல ஓடும். கீழ்ப்புறத்தில் கிளையின் அடியைச் சுற்றி வளையமாகச் சற்றுப் புடைத்திருக்கும். சில மரங்களில் அது தெளிவாகவும், சிலவற்றில் தடவிப் பார்த்தால் மட்டுமே தெரிவதாகவும் இருக்கும். இந்தப் புடைப்பைக் கிளைக்கழுத்து என்று சொல்லலாம். அது கிளையின் பகுதியன்று, அடிமரத்தின் பகுதி. அழுகலைத் தடுக்கும் சுவரும் அங்கேதான் உருவாகிறது. வாள் இந்தக் கழுத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் கிளையை மட்டுமல்லாமல் அடிமரத்தையும் காயப்படுத்துகிறோம்; வெகுதூரம் வெளியே அறுத்து நீண்ட முளையாக விட்டால், அது பட்டுப்போய், அழுகல் உள்ளே நுழைவதற்கான வாசலாக நிற்கும். சில விரற்கடை வித்தியாசம்தான். ஆனால் மரத்தின் அடுத்த முப்பது ஆண்டு அந்த விரற்கடையில் இருக்கிறது.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் முடியாது. மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதிக்கு மேல் அறுபட்டதும் கிளை தன் எடையால் முறிந்து, போகிற போக்கில் அடிமரத்தின் பட்டையையும் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு போய்விடும். அதனால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, எடை கீழே இறங்கிய பிறகு எஞ்சிய முளையைக் கழுத்துக்கு வெளியே எடுக்கும் மூன்றாவது வெட்டு என்று மூன்றாகச் செய்வதே முறை. வேலைக்கு வருகிறவரிடம், “இந்தக் கிளையை எப்படி எடுப்பீர்கள்?” என்று ஒரு கிளையைக் காட்டிக் கேட்டாலே போதும். தொழில் தெரிந்தவர் கையால் தொட்டு இடத்தைக் காட்டி விளக்குவார். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்ற பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் முதலியவற்றைப் பூசும் பழக்கமும் இத்தகைய ஒரு அடையாளம்தான். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும், சில சமயம் ஈரத்தை உள்ளே தேக்கிக் கேடு செய்கிறது என்பதும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. வண்டுகள் பரப்பும் குறிப்பிட்ட சில பூசண நோய்கள் உள்ள இடங்களில், புதிய காயத்தின் வாசனை அவற்றை ஈர்க்காமல் இருக்கப் பூசுவது உண்டு, அது விதிவிலக்கு. மற்றபடி, ‘மருந்து பூசுவதற்கு’ என்று தனிக் கட்டணம் கேட்பவர் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அறிவோடு வேலை செய்கிறார்.

இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது, உயரத்தைக் குறைக்கிறோம் என்ற பெயரில் மரத்தை மொட்டையடிக்கும் பழக்கம். காற்றுக்கு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் உரிமையாளர்களே இதைக் கேட்பதுண்டு. ‘நல்ல வேலை’ என்று பேர் வாங்க எளிய வழி என்பதால் வெட்டுபவரும் மறுப்பதில்லை. பெருங்கிளைகளைக் குறுக்கே துண்டித்து அடிமரத்தையும் சில முண்டங்களையும் மட்டும் நிறுத்தினால், மரம் இலையின்றி உணவு தயாரிக்க முடியாமல், சேமித்து வைத்ததையெல்லாம் செலவிட்டு, வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக் கொத்தாகப் போத்துகளை, அதாவது புதுத் துளிர்க்கிளைகளை, விடுகிறது. இயல்பாக வளர்ந்த கிளை ஆண்டுதோறும் அடிமரத்தோடு சேர்ந்து வளையம் வளையமாகப் பின்னிக்கொண்டு வளர்வது. போத்து அப்படியன்று; அது மேலோட்டமாக, வெளி அடுக்குகளில் மட்டுமே பற்றியிருப்பது. அதன் அடியில் இருக்கும் வெட்டுவாயோ அழுகத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டிவிடும். ஆனால் முன்பு உறுதியான நான்கு கிளைகள் இருந்த இடத்தில் இப்போது உளுத்த அடியின்மேல் நாற்பது கிளைகள் நிற்கும். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் செய்ததே, விழுவதற்கான ஏற்பாடாக முடிகிறது. உயரத்தை உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கிளையையும் அதைத் தாங்கிக்கொள்ளும் அளவு பருத்த ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை பின்வாங்கி அறுக்க வேண்டும். அதற்கு நேரமும் பிடிக்கும், கூலியும் கூடும். மொட்டையடிக்க மறுப்பவரை நம்பலாம் என்பதே என் கருத்து.

அளவும் முக்கியம். ஓர் ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. வயதான மரத்துக்கும் வறட்சியில் வாடிய மரத்துக்கும் அதைவிடக் குறைவு. உட்புறச் சிறுகிளைகளை மட்டும் சுரண்டியெடுத்து, நுனியில் மட்டும் தழைக் குஞ்சம் விட்டுவைப்பதும் தவறு. எடையெல்லாம் நுனிக்குப் போய்க் கிளை துடுப்புபோல ஆடி முறிகிறது. பனை, தென்னை போன்றவற்றுக்கு இந்தக் கணக்கே வேறு. அவற்றின் தண்டில் காயத்தை மூடி வளரும் வளர்படை கிடையாது. தண்டில் பட்ட காயம் கடைசிவரை அப்படியே இருக்கும். வளரும் குருத்தும் உச்சியில் ஒன்றே ஒன்றுதான். பச்சை மட்டைகளைத் தாராளமாகக் கழித்து உச்சியை ஒரு விளக்குமாறுபோல ஆக்குபவர், காற்றைத் தாங்க உதவி செய்யவில்லை. மரத்தின் உணவைப் பறிக்கிறார்.

இதற்கெல்லாம் எழுதப்பட்ட தரநிலைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ‘ஏஎன்எஸ்ஐ ஏ300’, பிரிட்டனில் ‘பிஎஸ் 3998’ (இப்போதைய பதிப்பு 2010) ஆகியவை கவாத்து முதலிய வேலைகளை வரையறுக்கின்றன. 1924இல் தொடங்கிய வரலாறுடைய, இன்று ‘இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர்’ என்று அழைக்கப்படும் அமைப்பு, போதிய களஅனுபவமோ, துறைசார்ந்த கல்வியோடு ஓரளவு களஅனுபவமோ உள்ளவர்களுக்குத் தேர்வு வைத்து ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்றிதழ் வழங்குகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து படித்ததற்கான சான்றைக் காட்டியோ மறுபடி தேர்வெழுதியோ அதைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் எண்ணை அந்த அமைப்பிடமே சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: சான்றிதழ் தனிநபருக்கு உரியது, நிறுவனத்துக்கு அல்ல. வண்டியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் முத்திரையைப் பார்த்து மயங்காமல், சான்று பெற்றவர் நம் மரத்தை நேரில் பார்த்தாரா, வேலை நடக்கும் அன்று இருப்பாரா என்று கேட்க வேண்டும். இத்தகைய சான்றிதழ் பரவலாக இல்லாத நாடுகளில், தோட்டக்கலை அல்லது வனவியல் படித்து இத்துறையில் பல ஆண்டு உழைத்தவர்களைத் தேடுவதே அடுத்த வழி.

நேரில் வந்து பார்ப்பவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பது நிறையச் சொல்லிவிடும். அனுபவமில்லாதவர் அண்ணாந்து பார்த்து எத்தனை கிளை என்று எண்ணுவார். அனுபவசாலி பெரும்பாலும் குனிவார். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல விரிந்து வேராகப் பிரிகிறதா, அல்லது மின்கம்பம் நட்டதுபோல நேரே மண்ணுக்குள் போகிறதா என்று பார்ப்பார்; நேரே போனால் பிற்பாடு யாரோ மண்ணைக் கொட்டி அடியை மூடியிருக்கிறார்கள், அல்லது மரத்தை நடும்போதே ஆழமாக நட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு வேர் மற்ற வேர்களையோ தூரையோ சுற்றி இறுக்குகிறதா, தூரில் விசிறிபோலக் கெட்டியான காளான் முளைத்திருக்கிறதா, சாய்வின் எதிர்ப்புறத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பார். நெடுங்காலமாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனியை நிமிர்த்திக்கொண்ட மரம் ஒரு வகை. போன மாதம் சாயத் தொடங்கிய மரம் முற்றிலும் வேறு வகை. அதன் பிறகுதான் கவட்டைகள். சமபருமனுள்ள இரண்டு தண்டுகள் நெருக்கமாக எழும் இடத்தில் நடுவே பட்டை உள்ளே சிக்கிக்கொண்டால், அங்கே மரத்தோடு மரம் பிணையவில்லை என்று அர்த்தம். புயலில் பிளப்பது பெரும்பாலும் இத்தகைய கவட்டைதான். இதற்கு எப்போதும் வெட்டுதான் தீர்வு என்றில்லை. கவட்டைக்கும் உச்சிக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கம்பிவடம் பூட்டி இரண்டையும் பிணைத்து வைக்கும் முறை உண்டு. ஆனால் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

பொந்து விழுந்த மரம் என்றாலே வெட்டிவிடலாம் என்பவர் மரத்தின் இயந்திரவியலை யோசிக்காதவர். வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கிறது. சைக்கிள் சட்டத்தைக் குழாயால் செய்வதற்கும் இதுதான் காரணம். நடுவில் சரிசமமாகப் பொள்ளலாகி, பொள்ளலின் குறுக்களவு அடிமரத்தின் குறுக்களவில் பாதியாக இருந்தால், கணக்குப்படி வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 6 விழுக்காடுதான் போயிருக்கும். 70 விழுக்காடு பொள்ளலானாலும் இழப்பு 24 விழுக்காடுதான். அதற்கு மேல் போகும்போது இழப்பு வேகமாகக் கூடுகிறது. பொள்ளல் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தாலோ வெளியே பெரிதாகத் திறந்திருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் சந்தேகம் வரும்போது முதலில் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்கிறார்கள். பிறகு தேவையானால், மெல்லிய ஊசியைத் துளைத்துச் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பைப் பதிவுசெய்யும் கருவியாலோ, அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி ஒலி கடக்கும் வேகத்தை வைத்து உட்புறத்தைப் படமாக்கும் முறையாலோ அளக்கிறார்கள். அச்சுறுத்தலை அளக்காமல் அச்சுறுத்துபவர், மரத்தை அகற்றும் வேலையில்தான் அதிக வருமானம் என்பதை அறிந்தவராக இருக்கக்கூடும்.

வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரத்தைக் கொல்பவர்கள் பெரும்பாலும் மரத்தில் ஏறுவதே இல்லை. ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே தோண்டினால் என்ன என்று நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய முதல் இரண்டடிக்குள், கிளைப்பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. பிரிட்டனின் கட்டுமானத் தரநிலை, நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை 12ஆல் பெருக்கி வரும் தூரத்தை வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரமாகக் கொள்ளச் சொல்கிறது: அரை மீட்டர் குறுக்களவுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 6 மீட்டர். அதற்குள் குழாய்ப் பள்ளம் தோண்டுவதும், கனவண்டியை ஏற்றி மண்ணை இறுக்குவதும், செங்கல் மணல் குவிப்பதும் மரத்தைப் பாதிக்கும். வீடு கட்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டு கழித்து மரம் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வரும்போது, கட்டட வேலையை யாரும் நினைப்பதில்லை. ஆகவே கட்டுமானத் திட்டம் இருந்தால், பராமரிப்பாளரை அழைக்க வேண்டியது பள்ளம் தோண்டுவதற்கு முன்புதான்.

விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குவது எல்லோரும் சொல்லும் அறிவுரை. எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். ‘மரத்தை வெட்டிச் சுத்தம் செய்தல்’ என்று ஒரே வரியில் இருந்தால் அது எதையும் கட்டுப்படுத்தாது. ‘தெற்குப் புறத்தில் கூரையின்மேல் நீண்டிருக்கும் கிளைகளை, கூரையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை, பக்கக்கிளை பிரியும் இடத்தில் குறைத்தல், பட்டுப்போன, 5 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த கிளைகளை மட்டும் அகற்றல், உயிருள்ள தழையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமை, ஏறுவதற்கு முள் பாதணி பயன்படுத்தாமை, கழித்ததை அன்றே அப்புறப்படுத்தல்’ என்று இருந்தால், வேலை நடக்கும்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கும்போதும், எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்கிறார்கள் என்பதற்கு இதுவே உத்தரவாதம். எத்தனை கிளை, எத்தனை லோடு என்று மட்டும் பேசி மிகக் குறைந்த விலை சொல்பவர், பெரும்பாலும் காப்பீட்டுச் செலவைத்தான் கழித்திருக்கிறார்.

காப்பீட்டில் இரண்டு வகை வேண்டும். ஒன்று, வீட்டுக்கோ பக்கத்து வீட்டுச் சுவருக்கோ சேதம் வந்தால் ஈடுசெய்வது. மற்றொன்று, வேலையாளுக்கு அடிபட்டால் அவருக்கு ஈடு தருவது. இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. உயரம், கயிறு, விசைவாள், மேலிருந்து விழும் கனம் எல்லாம் ஒன்றுசேரும் வேலை இது. விபத்து நடந்தால், நாட்டுச் சட்டத்தைப் பொறுத்து, பொறுப்பு உரிமையாளர் தலையில் விழலாம். காப்பீட்டுத் தாளின் நகலைப் பார்ப்பதோடு, காப்பீட்டு நிறுவனத்தை நேரே அழைத்து அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மின்கம்பிக்கு அருகில் இருக்கும் கிளை என்றால் விஷயமே வேறு. மின்சாரத் துறையோ அதற்கென்று பயிற்சி பெற்றவர்களோ மட்டும் தொட வேண்டியது அது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள், அந்தப் பயிற்சி இல்லாதவர் 50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பியிலிருந்து 10 அடிக்குள் வரக்கூடாது என்கின்றன. பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

முள் பாதணி பற்றி மேலே சொன்னதற்குக் காரணம் எளியது. அது ஒவ்வொரு அடியிலும் பட்டையைத் துளைத்துக்கொண்டு மேலேறும் கருவி. அகற்றப்போகும் மரத்தில் ஏற அது தகும்; வாழவைக்கப் போகும் மரத்தில் ஏற அது தகாது. கயிறும் இடுப்புக் கவசமும் ஹெல்மெட்டும் உள்ளவரா, பெருங்கிளையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறாரா, கீழே ஒருவர் எல்லைபோட்டுக் காவல் நிற்கிறாரா என்பவையும் அதே நேரத்தில் கண்ணில் படும்.

புயல் ஓய்ந்த மறுநாள் கதவைத் தட்டி, “இந்த மரம் இன்னிக்கோ நாளைக்கோ விழுந்துடும், இப்பவே காசு குடுத்தா பாதி விலைக்கு எடுத்துடறோம்” என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வீட்டின்மேல் சாய்ந்து கிடக்கும் மரத்துக்கு அவசரம் இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். பல நகரங்களில் மரத்தை அகற்றவும், சில இடங்களில் பெருங்கிளையை எடுக்கவும்கூட முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் வேலையைத் தள்ளிப்போடச் சொல்பவரைக் கண்டு எரிச்சல்படக்கூடாது. சில நாடுகளில் அது சட்டமும்கூட. மரத்தை முழுதாக அகற்றுவதென்றால், அடிக்கட்டையை என்ன செய்வது என்பதைத் தனியே பேச வேண்டும். தரைமட்டத்துக்கு அறுப்பது, இயந்திரத்தால் சீவிப் பொடியாக்குவது, வேரோடு பெயர்ப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு விலைகள்.

வேலை முடிந்த பிறகு மரத்துக்கு வேண்டியது மிகக் குறைவு. வறண்ட பருவமானால் ஆழமாகத் தண்ணீர். தூரைத் தொடாமல் சற்றுத் தள்ளி, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு. கழித்த கிளைகளைத் துண்டாக்கி மூடாக்காகப் போட்டுத் தரும்படி கேட்டால், அப்புறப்படுத்தும் செலவிலும் கொஞ்சம் மிச்சமாகும். மூடாக்கைத் தூரோடு சேர்த்துக் குன்றுபோலக் குவித்துவிட்டுப் போனால், பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும்.

செய்து முடித்த வேலையை அன்றே பார்த்து ஆளை எடைபோட முடியாது என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால், அவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையைப் போய்ப் பார்க்கலாம். முன்பு வேலை கொடுத்தவர்களின் விவரத்தைக் கேட்கும்போது, போன மாத வாடிக்கையாளரைவிடப் பழைய வாடிக்கையாளரைக் கேட்பதே பயன் தரும். அங்கே போனால் மரத்தின் உருவத்தைப் பார்ப்பதற்கு முன், பழைய வெட்டுவாய் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். வெட்டைச் சுற்றிப் புதிய மரம் உளுந்துவடைபோல முழு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் உருண்டு வந்திருந்தால், வாள் கழுத்துக்கு வெளியே இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கத்திலும் மட்டும் உதடுபோலத் தடித்து, மேலும் கீழும் ஒன்றும் வளராமல் வெற்று மரம் தெரிந்தால், ஒட்ட வழித்திருக்கிறார்.